அலரும் பத்து லட்சமும்

அகப்பாடல்களைப் பற்றிப் பேசும்போது அம்பல், அலர் என்ற இரண்டு சொற்களையும் நாம் சற்று அலட்சியமாகவே கடந்து வந்திருக்கிறோம். உரையாசிரியர்கள் இரண்டையும் வேறுபடுத்துகிறார்கள். வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல், அது மொட்டு. ஊரறியப் பேசப்படுவது அலர், அது மலர்ந்துவிட்டது. பழிச்சொல்லுக்குப் பூவின் பருவங்களைப் பெயராக வைத்த மொழி நம்முடையது. இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. ரசனையோடு நின்றுவிட்டதால் அலர் ஒரு ஹிம்சை என்பது நம் பிரக்ஞையில் பதியவில்லை.

ஹிம்சைதான்; எனினும் அதற்கு எல்லைகள் இருந்தன. தூற்றும் பெண்டிர் யாரென்று தலைவிக்குத் தெரியும். அவர்களும் அதே தெருவில் நடமாடுகிறவர்கள். மேலும் அலர் எங்கேயாவது போய் முடிந்தது. களவை வெளிப்படுத்தி மணத்தில் கொண்டு சேர்ப்பதும் அதன் வேலையாக இருந்தது. மேற்கிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். 1703இல் டானியல் டீஃபோவை லண்டனில் மூன்று நாட்கள், கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி, தெருவில் நிறுத்தினார்கள். கூட்டம் கல்லுக்குப் பதில் பூ எறிந்தது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, எதிரே ஒரு முகத்தைப் பார்க்கிற கூட்டத்துக்கு மனம் மாற ஒரு சந்தர்ப்பம் இருந்தது. நேரம் முடிந்ததும் பூட்டு திறக்கப்பட்டது. 1837இல் இங்கிலாந்து அந்தத் தண்டனையையே ஒழித்தது.

இவ்வளவும் என் நினைவுக்கு வந்தது கள்ளக்குறிச்சியில், வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான்.

2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் இந்த ஊரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள். பெண்களும் உண்டு. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அவ்வளவுதான், செத்தவர்கள் நகைச்சுவைப் பாத்திரங்களாகிவிட்டார்கள். சாவு எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே என் கைபேசிக்கு முதல் கேலிப்படம் வந்தது. இனி ஆயுள் காப்பீடு எதற்கு, ஒரு பாக்கெட் போதும் என்ற ரீதியில் ஒன்று. நான் சிரித்தேன். மூன்று நண்பர்களுக்கு அனுப்பியும் வைத்தேன். அதில் ஒருவர் கவிஞர்.

நஷ்டஈட்டுத் தொகை அதிகம் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கே போடப்பட்டது. பட்டாசு ஆலையில் கருகிச் சாகிற தொழிலாளியின் குடும்பத்துக்கு இவ்வளவு கிடைப்பதில்லையே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் வழக்குப் போடுகிறவன் தன் பெயரை எழுதிக் கையெழுத்திடுகிறான். எதிர்வாதத்துக்குக் காது கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறான். கேலியை அனுப்புகிறவனுக்கு இந்த நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. வாதத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதால் கேலி வாதமாகிவிடாது.

சாராயம் என்றதும் விரல்கள் கல்வராயன் மலைப் பக்கமும் நீண்டன. அது பழைய அலர். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்கு ஊதியமில்லாமல் உழைத்தவர்கள். சாலையும் ஆஸ்பத்திரியும் எட்டுவதற்கு முன்பே ‘சாராய மலை’ என்ற பெயர் அங்கே எட்டிவிட்டது. சாராயம் அங்கே காய்ச்சப்பட்டதில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கருணாபுரத்தைக் கொன்ற மெத்தனால் தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். மலையின் ஊறல் பானையில் பிறந்ததல்ல. பெயர் விழுந்துவிட்ட இடத்தில் இந்த வித்தியாசம் யாருக்கு வேண்டும்? 2024 ஜூலையில் உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்தபோதுதான், அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள் என்ற தகவல் பலரை அடைந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு அம்மாள் பாஸ்புக்கை நீட்டினார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். வழக்கம்போல் இருப்பைச் சொல்ல வாயெடுத்தேன்.

“வாயால சொல்லாதீங்க சார். எழுதிக் காட்டுங்க” என்றார்.

துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். தன் சொந்தப் பணத்தைத் திருட்டுப் பணம்போல ஒளிக்க வேண்டியிருந்தது அவருக்கு. தூற்றிய வாய்களில் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை. அவர் அறியாத அந்த வாய்களில் ஒன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

அலரைப் பாடியவர்கள் அதைத் தூற்றப்பட்டவளின் பக்கம் நின்று பாடினார்கள். ஊரின் வாயாக நின்று அல்ல. நம் கவிதை மரபில் இதைவிட முக்கியமான தேர்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மரபைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற நான், கைபேசியைக் கையில் எடுத்ததும் ஊரின் வாயாகிவிட்டேன்.

அன்றிரவு அந்தப் படத்தைத் தேடியெடுத்து அழிக்கப் பார்த்தேன். என் கைபேசியிலிருந்து போயிற்று. மற்ற மூவரிடமிருந்து அழிப்பதற்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. இதைப் படிக்கப்போகும் சிலரில் அந்த மூவரும் இருக்கிறார்கள்.