கல்லம்பின் காயங்கள்

கல்வெட்டைப் படிக்கத் தமிழகத்தில் அறிஞர் பலர் உளர். எழுத்தே இல்லாத கல்லைப் படிப்போர் சிலரே. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூசு பூட் ஒரு பழங்கற்கருவியைக் கண்டெடுத்தார். அப்படிப்பு இந்நாட்டில் அன்று தொடங்கிற்று எனலாம்.

தென்கோடித் தேரி நிலங்களில், குறிப்பாகச் சாயர்புரம் பகுதியில், மிகச் சிறிய நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. அவற்றை ஆராய்ந்து சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதினர். பிறை வடிவக் கருவிகளோடு, இருபுறமும் செதுக்கிய கூர்முனைகளும் அவற்றுள் உண்டு. அவை அம்பின் நுனியில் பதிக்கப்பெற்றவை எனக் கருத இடமுண்டு.

இத்தகைய முனையொன்று உழவுசாலில் உடைந்து கிடப்பதாகக் கொள்வோம். உடைத்தது வேட்டையா, கலப்பையா?

முதற்சான்று நிறம். செம்மணலில் நெடுங்காலம் கிடந்த கல்லில் இரும்பின் சாயம் ஏறியிருக்கும். முறிந்த முகத்திலும் அச்சாயம் படிந்திருப்பின் முறிவு பழையது. உட்புறம் வெளுத்துப் பளிச்சிட்டால் அண்மையது. கொழு உரசிய இடத்தில் துருக்கோடு தங்குவதும் உண்டு.

இரண்டாம் சான்று முறிவின் இடமும் திசையும். எலும்பில் விசையோடு மோதிய அம்பின் நுனியிலிருந்து சில்லு அடிநோக்கிப் பெயர்ந்திருக்கும். கலப்பையும் கால்மிதியும் அவ்வொழுங்கை அறியா. விளிம்பெங்கும் கண்டபடி பல் பதிக்கும்.

எனினும், பழைய முறிவெல்லாம் வேட்டை முறிவு ஆகாது. செதுக்கும்போதே உடைந்து எறியப்பட்டவையும் உள. எனவே ஒரு சான்றை மட்டும் கொண்டு தீர்ப்புரைத்தல் தகாது.

இவ்வாராய்ச்சியின் பயன் சிறிதன்று. இலங்கையின் பாகியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகளின் முறிவுகளை நுணுகிக் கண்டே, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வில்லும் அம்பும் வழங்கின என 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். முழுமையான முனை சொல்லாத செய்தியை முறிந்த முனை சொல்லிற்று.

நம் எடமலைப்பட்டி புதூர் அன்பர்கள் ஊர்ப்புற வயல்களில் இத்தகைய கல்லைக் காண நேரின், தேய்த்துக் கழுவ வேண்டா. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இராணி மங்கம்மாள் மண்டபத்து அரசு அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவித்தல் நலம். நல்ல பதிப்பாசிரியர் ஏட்டில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். தம் சொல்லால் நிரப்பார். கல்லுக்கும் அந்நேர்மையே உரியது. காயத்தை அழித்தால், பெயரறியா அவ்வேடன் விட்டுச்சென்ற ஒரே செய்தியும் அழியும்.