மாயாவி நிறுவலுக்கான மெய்நிகர் சூழல்

மெய்நிகர் சூழல் என்பது, கணினியில் ஏற்கெனவே உள்ள பைதான் நிரல்மொழியைப் பயன்படுத்திக்கொண்டு, ஓர் ஆய்வுக்குத் தேவையான பொதிகளை மட்டும் தனிக் கோப்புறையில் நிறுவும் ஏற்பாடு. அதன் தேவையை விளக்க, தமிழ்நாட்டில் உருவான மாயாவியே பொருத்தமான எடுத்துக்காட்டு. இந்த முப்பரிமாணக் காட்சி மென்பொருளைப் பிரபு ராமச்சந்திரன், சென்னை ஐ.ஐ.டி.யின் வான்வெளிப் பொறியியல் துறையில் ஆய்வு மாணவராக இருந்தபோது எழுதி, 2001இல் வெளியிட்டார். காற்று, நீர் போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் கிடைக்கும் எண்களைத் திரையில் உருவமாகப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம். பின்னர் முற்றிலும் மாற்றி எழுதப்பட்ட மாயாவி, இன்று பல துறை ஆய்வாளர்களின் கையில் இருக்கும் கட்டற்ற மென்பொருள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இத்தகைய மென்பொருளுக்கு வேலை நிறைய உண்டு. கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் இன்னொரு வளாகம், மேலக்கோட்டையூர், காட்டாங்குளத்தூர் கல்வி நிறுவனங்கள் என ஆய்வு மாணவர்கள் செறிந்த வட்டாரம் இது. கல்லூரி ஆய்வகக் கணினியின் நிர்வாகக் கடவுச்சொல் பெரும்பாலும் மாணவரிடம் இருக்காது. மெய்நிகர் சூழலுக்கு அது தேவையும் இல்லை. சொந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை போதும்.

கடவுச்சொல் இருந்தாலும் இயங்குதளத்தின் பைதானில் நேரடியாக நிறுவக் கூடாது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் சொந்தக் கருவிகள் சில அந்தப் பைதானை நம்பியே ஓடுகின்றன. 2023இல் வந்த டெபியன் 12 முதல், பொதிகளை நிறுவும் பிப் கருவியால் அங்கே நிறுவ முயன்றால், 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு செய்தி காட்டி அது மறுத்துவிடும். அந்தத் தடையை மீறுவதற்கான கட்டளை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இயான் பிக்கிங் 2007இல் எழுதிய வர்ச்சுவல்என்வ் இந்த முறையைப் பரவலாக்கியது. 2012இல் வெளிவந்த பைதான் 3.3 முதல் வென்வ் என்ற பெயரில் அது மொழியோடு சேர்ந்தே வருகிறது. டெபியன் வகைக் கணினிகளில் மட்டும் வென்வ் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அதை நிர்வாகி ஒருமுறை நிறுவித் தர வேண்டியிருக்கும்.

வென்வ் உருவாக்கும் கோப்புறையைத் திறந்தால் மர்மம் ஒன்றும் இல்லை. லினக்ஸில் 'பின்' என்ற உள்கோப்புறையில் பைதானுக்கு ஓர் இணைப்பும் பிப் கருவியும் இருக்கும். நிறுவும் பொதிகள் 'லிப்' கோப்புறைக்குள் போய்ச் சேரும். சூழல் கோப்புறையின் மேல்மட்டத்தில் சில வரிகளே கொண்ட அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு. மூலப் பைதான் எங்கே இருக்கிறது, அதன் பதிப்பு என்ன, கணினியின் பொதுப் பொதிகளைப் பார்க்கலாமா கூடாதா என்பதை அதுதான் சொல்கிறது. சூழலைச் செயல்படுத்தும்போது நடப்பது, கட்டளைகளைத் தேடும் பாதையின் முன்னால் இந்த 'பின்' கோப்புறை சேர்வது, அவ்வளவே. டெர்மினலில் சூழலின் பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். உள்ளிருக்கும் கட்டளைக் கோப்புகளில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருப்பதால், கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினால் அவை வேலை செய்யாது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே சரி.

மாயாவிக்குத் தனிச் சூழல் கட்டாயம் என்றே சொல்லலாம். அது சி++ மொழியில் எழுதப்பட்ட வி.டி.கே. என்ற பெரிய நூலகத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. மூல நிரலிலிருந்து கட்டப்படும்போதே மாயாவி, அப்போது கிடைக்கும் வி.டி.கே.யை ஆராய்ந்து, அதன் வகுப்புகளுக்கான பைதான் உறைகளைத் தானாக எழுதிக்கொள்கிறது. பிப் வழக்கமாக இந்தக் கட்டுமானத்தைத் தற்காலிகமான வேறொரு சூழலில் நடத்தும். அங்கே ஒரு வி.டி.கே. பதிப்பும், நம் சூழலில் இன்னொரு பதிப்பும் இருந்தால், நிறுவல் முடிந்ததாகச் செய்தி வரும். ஆனால் சாளரம் திறக்கும்போது பிழை வரலாம். எண் கணக்கீட்டுப் பொதியான நம்பை விஷயத்திலும் கவனம் வேண்டும். 2024 ஜூனில் வெளியான நம்பை 2.0, முந்தைய 1 வரிசைக்காகத் தொகுக்கப்பட்ட நீட்சிகளோடு ஒத்துப்போகாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பிப் கருவியைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்து நம்பை, வி.டி.கே. இரண்டையும் நிறுவ வேண்டும். மாயாவிக்குத் தயார்நிலை வீல் கோப்பு கிடைத்தால் நேராக நிறுவலாம். கிடைக்காமல் மூல நிரலிலிருந்து கட்ட நேர்ந்தால், கட்டுமானத்துக்கு வேண்டிய துணைப் பொதிகளையும் சூழலுக்குள்ளேயே வைத்து, தனிமைப்படுத்தாமல் கட்டும்படி பிப்புக்குச் சொல்ல வேண்டும். கணினியில் சி++ தொகுப்பியும் பைதானின் தலைப்புக் கோப்புகளும் இருக்க வேண்டும். சாளரத்துக்காகப் பைகியூட்டி போன்ற ஒரு பொதியும் தேவை. இது விடுபட்டுப்போவது மிகச் சாதாரணம்.

நிறுவல் சரியா என்று பார்க்க உள்ளூர்க் கடலையே வரையலாம். கெப்கோ என்ற கடலாழ வரைபடத் திட்டம் இலவசமாகத் தரும் உலகக் கடலாழத் தரவில் மாமல்லபுரம், கல்பாக்கம் பகுதியை வெட்டியெடுத்து, மாயாவியின் பரப்பு வரையும் கட்டளைக்குக் கொடுத்தால் கடலடி தெரியும். கிடைமட்டம் பல கிலோமீட்டர், ஆழம் சில பத்து மீட்டர் என்பதால், செங்குத்து அளவைப் பெருக்கிக் காட்டாவிட்டால் படம் தட்டையாக இருக்கும். இந்தத் தரவின் கட்டங்கள் சுமார் 450 மீட்டர் இடைவெளி கொண்டவை. ஆகவே மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலையொட்டிய மூழ்கிய கட்டட எச்சங்களை இதில் தேடிப் பயனில்லை.

சூழலின் கோப்புறையைப் பாதுகாக்க வேண்டியதில்லை. அதிலுள்ள பொதிகளின் பெயரையும் பதிப்பையும் பிப் பட்டியலாக எழுதித் தரும். ஆய்வேட்டுடனும் நிரலுடனும் அந்தப் பட்டியலைச் சேர்த்து வைக்காத ஆய்வை, சில ஆண்டுகள் கழித்து அதை எழுதியவராலேயே மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாமல் போகலாம். பைதான் பதிப்பு அந்தப் பட்டியலில் வராது என்பதால் அதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இணைய இணைப்பு இல்லாத ஆய்வகக் கணினியிலும் இதே பட்டியல்தான் உதவும். இணையம் உள்ள, அதே இயங்குதளமும் அதே பைதான் பதிப்பும் கொண்ட வேறொரு கணினியில் எல்லாப் பொதிகளையும் வீல் கோப்புகளாகச் சேமித்து, பென் டிரைவில் எடுத்துச் சென்று, இணையக் களஞ்சியத்தைத் தேடாமல் அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவும்படி பிப்பைப் பணிக்கலாம். மாயாவி மூல நிரலாக மட்டுமே இருந்தால், இணையமுள்ள கணினியிலேயே அதை வீலாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.