உழைப்பாளர் சிலையைச் செய்தவர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சுவர்களில் மே தினம்தோறும் எங்கள் கண்ணில் படும் படம் மெரினாவின் உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் அந்த நால்வரை யாவரும் அறிவர். 1959இல் நிறுவப்பட்ட அச்சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியை எத்தனை பேர் அறிவர்?

1899இல் ரங்கப்பூர்ப் பகுதியில், இன்றைய வங்கதேசத்தில், பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். 1929 முதல் 1957 வரை, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவர். அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர். எனினும் பதவிக்குள் அடங்கிய மனிதரல்லர். மல்யுத்தம் பயின்றார், வேட்டைக்குப் போனார், புல்லாங்குழல் வாசித்தார், வங்காளியில் கதைகள் எழுதினார். சிலையின் புடைத்த முதுகுத் தசைகளைக் காணும்போதெல்லாம், மல்லர் ஒருவரின் கையே அவற்றை வனைந்திருக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றும்.

சென்னையில் பிறந்த அவர் மகன் பாஸ்கர் பரதம் கற்று அமெரிக்கா சென்றார். உடலின் மீதான அந்தப் பித்து தந்தைவழிச் சொத்தாகத்தான் இருக்கவேண்டும். அங்கே ஒரு திகில் படத்திலும் நடித்தார் (உழைப்பாளர் சிலைக்கும் அப்படத்துக்கும் உள்ள உறவை அதன் ரசிகர்கள் அறிவார்களா என்ன!). தந்தை 1975இல் மறைந்தார். இரண்டாண்டு கழித்து மேடையில் விழுந்த மகனின் கால்கள் செயலிழந்தன. 2003இல் இறக்கும்வரை அவருக்குச் சக்கர நாற்காலிதான்.