ஊட்டியில் பிறந்த கறுப்பு வெள்ளை

மாட்டுப் பொங்கலன்று குயிலாப்பாளையம் மந்தைவெளியில் மாடுகளுக்கு ஈடாகக் கேமராக்களும் கூடிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி ஆரோவில் போகிற வழியில் இருக்கும் ஊர் இது. அதனால் உள்ளூர் சனத்தோடு ஆரோவில்வாசிகளும் வெளிநாட்டுப் பயணிகளும் கலந்து நிற்பார்கள். குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலையும் பலூனும் கட்டிய மாடுகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும்.

அங்கே ஒரு காளையைப் படம் எடுத்தேன். கொம்பின் அடியில் பச்சை, நுனியில் சிவப்பு. போனில் 'கறுப்பு வெள்ளை' என்ற பொத்தானைத் தொட்டேன். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. காலையில் ஒருவர் பிரஷ் பிடித்து, பொறுமையாக எல்லை போட்டுப் பூசிய வேலை ஒரே தொடலில் காணாமல் போனது. பக்கத்தில் இன்னொரு மாட்டின் கொம்பில் கட்சிக் கொடியின் நிறம். சாம்பலில் அந்த அரசியலும் தெரியவில்லை.

இன்றைக்குப் போனில் ஒரு பொத்தானாக இருக்கும் இந்தக் கறுப்பு வெள்ளை, ஒரு காலத்தில் தகர டப்பிக்குள் சுருண்டு கிடந்த பிலிம் ரோல். தமிழ்நாட்டில் அதற்குப் பிறந்த ஊரும் உண்டு. 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனமான பொஷேயின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் ஊட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது. ஊட்டி மக்களுக்கு அது 'எச்.பி.எப்.'; பிலிமின் வணிகப் பெயர் 'இந்து'. ஆலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர்.

பிலிம் ஆலைக்கு மலை ஏன்? தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புரோமைடு உப்போடு சேர்த்து, மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டினில் கலக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் சீராகப் பூச வேண்டும். அத்தனையும் இருட்டில். ஒரு துகள் தூசி விழுந்தாலும் யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில் அது புள்ளியாக நிற்கும்.

மலையிறங்கிய ரோல் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி ஸ்டுடியோக்களுக்கு வந்தபோது வெயில்தான் அதற்கு எதிரி. கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவ டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரையில் குழாய்த் தண்ணீரே அதைவிட எவ்வளவோ சூடு. ஜெலட்டின் இளகிப் பிலிமிலிருந்து உரிந்து வந்துவிடும். அதனால் டிரேயைச் சுற்றி ஐஸ்கட்டி போட்டுக் கழுவுவார்கள். பிறகு சிவப்பு பல்பின் அடியில் பிரிண்ட். வெள்ளைத் தாளை டெவலப்பரில் அமுக்கி ஆட்டினால் முதலில் தலைமுடி வரும், பிறகு கண், பிறகு புடவைக் கரை. ஹைப்போ கரைசலில் போட்டால் படம் நிலைத்துவிடும்.

இப்படிச் சின்ன ஊரிலேயே, ஒரே அறையில் முடிகிற வேலையாக இருந்ததால்தான் கறுப்பு வெள்ளை நம் தெருக்களை ஆண்டது. யாரும் அதை அழகுக்காகத் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தப் பிரிண்டின் மேலேயே உதட்டுக்குச் சிவப்பும் புடவைக்குப் பச்சையும் கையால் பூசித் தரச் சொல்லி வாங்கிப்போனவர்கள் நம் பாட்டிமார்.

வந்துபோன பெரிய கலைஞர்களுக்கும் இதே கட்டுப்பாடு இருந்தது. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்தார். சுமார் 30 ஆண்டுகளாகப் படமே எடுக்கப்படாத அரவிந்தரையும், அன்னையையும், ஆசிரம வாழ்க்கையையும் லைக்கா கேமராவில் பதிவு செய்தார். அன்றைய கோடக்ரோம் கலர் பிலிமின் வேகம் 10 மட்டுமே. சுள்ளென்ற வெயிலில்கூட ஓடுகிற மனிதரை அதில் பிடிப்பது பாடு, அறைக்குள் நடக்காத காரியம். கறுப்பு வெள்ளையில் அது முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். அந்த நெகட்டிவ்களை ஆசிரமமே வாங்கிக்கொண்டது. அரவிந்தரின் முகத்துக்கு நிறம் தேவைப்படவில்லை. கண்ணும் தாடியும் நிழலும் போதுமானவை.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது, 124 நாடுகளின் மண் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இடப்பட்டது. அன்றைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பொட்டல் தெரியும், கூட்டம் தெரியும், ஆனால் தரை வெறும் சாம்பல். மரங்கள் போய், மழை அரித்து, ஓடைகளாகப் பிளந்து கிடந்த செம்மண் மேடு அது. மண் எவ்வளவு சிவந்து கிடந்தது என்று பார்த்தால்தான், இன்று அங்கே நிற்கும் காட்டின் பச்சை எப்பேர்ப்பட்ட உழைப்பு என்பது புரியும். அரவிந்தரின் முகத்தில் எதையும் எடுக்காத கறுப்பு வெள்ளை, இங்கே பாதிக் கதையை எடுத்துவிட்டது.

நிறத்துக்காக வாதாடிய இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங். 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். கலைப்படம் என்றாலே கறுப்பு வெள்ளைதான் என்று உலகம் நினைத்த காலத்திலேயே கலரில் தெருக்களை எடுத்தார். தமிழ்நாட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார். நிறம் இந்தியர் வாழ்வின் உள்ளேயே இருப்பது, மேலே பூசிய அலங்காரமல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. மந்தைவெளியில் அந்தக் கொம்பைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

ஆனாலும் இது ஒருபக்கமாகத் தீர்கிற வழக்கு இல்லை. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் முகத்தை இருவர் எடுத்தார்கள். பாப்லோ பார்த்தலோமியு எடுத்த கலர் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. ரகு ராய் எடுத்தது கறுப்பு வெள்ளை. கலரில் குழந்தையின் தோலும் மண்ணும் அந்த நாளின் செய்தியாக நம்மேல் மோதுகின்றன. கறுப்பு வெள்ளையில் அந்தத் தேதி விலகி, மூடாத கண்கள் மட்டும் நிற்கின்றன. இரண்டும் உண்மை. ஒன்று சாட்சி சொல்கிறது, மற்றொன்று ஒப்பாரி வைக்கிறது.

1990-களில் தானியங்கி கலர் லேப்கள் ஊருக்கு ஊர் வந்தன. கலர் நெகட்டிவைக் கழுவ 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. வெப்பம் துளியும் பிசகக் கூடாது. அந்தத் துல்லியத்தை இயந்திரம் பார்த்துக்கொண்டதும், கறுப்பு வெள்ளைதான் கிடைக்காத பொருளாகிவிட்டது. கலருக்கும் ஒரு குறை உண்டு. சாயங்கள் மங்கும், 80-களின் கல்யாண ஆல்பங்களில் பல இன்று வெளிறிச் சிவந்து கிடக்கின்றன. சரியாகக் கழுவிய வெள்ளிப் படம் அப்படியே இருக்கிறது. அந்த வெள்ளிப் பிலிமைச் செய்த ஊட்டி ஆலையோ, கடனில் எழுப்பிய எக்ஸ்ரே பிலிம் பிரிவின் சுமையோடு நலிந்து மூடப்பட்டது.

ரோல் செத்தாலும் கறுப்பு வெள்ளை சாகவில்லை. போன் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, அதன் மேல் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்று நுண்ணிய வடிகட்டிகளைப் பரப்பி, கணக்குப் போட்டுத்தான் நிறத்தை வரவழைக்கிறார்கள். முன்பு கையிலிருந்த ரோல்தான் நமக்காக முடிவெடுத்தது. இப்போது கலரும் கறுப்பு வெள்ளையும் எல்லார் கையிலும் இருக்கின்றன, பொறுப்பும் நம்முடையதாகிவிட்டது.

அதனால்தான் தெருவில் படமெடுக்கும் தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது. நிறத்தை நீக்கும் முன், அந்த நிறம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கண்ணைப் பறிக்கிற ஒரு பிளெக்ஸ் பேனர் பின்னால் நின்று, முன்னால் இருப்பவரின் முகத்தை விழுங்குகிறதா? தாராளமாக நீக்குங்கள். ஒளியும் முகமும் கையசைவும்தான் படமா? கறுப்பு வெள்ளை அவற்றை இன்னும் அருகில் கொண்டுவரும். ஆனால் ஏழை வீட்டுத் தெரு என்பதற்காக, பழசாகவும் சோகமாகவும் தெரியட்டும் என்று சாம்பலாக்காதீர்கள். அந்தச் சுவரின் நீலத்தையும் வாசல் கோலத்தின் காவியையும் அந்த வீட்டுக்காரர் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அந்தக் காளையின் படத்தை நான் கலரிலேயே வைத்துக்கொண்டேன். கொம்பின் பச்சையும் நுனிச் சிவப்பும் மாட்டுக்காரர் எடுத்த முடிவு; அதை மாற்ற எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.