அபராதம் அரசுக்கு, நஷ்டஈடு யாருக்கு?

"குடிச்சிட்டு ஓட்டினாம்னு தெரிஞ்சா இன்சூரன்சுக்காரன் தரமாட்டாம்வே. கேஸ் போட்டு என்ன கிடைக்கப்போகுது?" கனகமூலம் சந்தைப் பக்கம் டீக்கடைகளில் காதில் விழும் பேச்சு இது. சட்டம் வந்த வழியைப் பார்த்தால், இதில் பாதிதான் உண்மை என்று தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விபத்தில் இறந்தவரின் குடும்பம் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஆனால் கோர்ட் கட்டணம் கட்டவேண்டும், வருஷக்கணக்கில் அலையவேண்டும். ஜெயித்தாலும் வண்டிக்காரனிடம் பணம் இருந்தால்தான் கைக்கு வரும். அதற்காகவே 1939 மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அப்போது நாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகள்.

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம்தான் விபத்து வழக்குக்கென்று தனித் தீர்ப்பாயத்துக்கு வழி செய்தது. 1982-இல் இன்னொரு படி: தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். பிரான்சில் 1985-இல் பதந்தேர் சட்டம் இதே வழியில் இன்னும் தூரம் போய், அடிபட்ட பாதசாரிக்கும் பயணிக்கும் ஏறக்குறைய முழு நஷ்டஈட்டையே உறுதி செய்தது. நம் நாட்டில் 1988 சட்டமும் 2019 திருத்தமும் தொகையைக் கூட்டின. இன்று 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம் நீட்டும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், முழு நஷ்டஈடு கேட்கும் 166-ஆம் பிரிவு மனு அத்தோடு முடிந்துவிடும். யோசித்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

இனி குடிக்கு வருவோம். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த அபராதம் அரசுக்குப் போகிறது, அடிபட்டவர் வீட்டுக்கு அல்ல. அவருக்கு உள்ள வாசல் தீர்ப்பாயம். கிரிமினல் கேஸில் ஓட்டியவன் விடுதலை ஆனாலும் இந்த வாசல் மூடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டிய அவசியமில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனம் போதையைக் காரணம் காட்டி வாதாடலாம். 2019 திருத்தம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் குற்றம் ஓட்டியவனுடையது, நடந்து போனவருடையது அல்ல. 2013-இல் கார் மோதி அடிபட்ட ஓர் ஆட்டோ பயணியின் வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இதையே சொன்னது: கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு ஓட்டியவனிடமும் உரிமையாளரிடமும் வசூலித்துக்கொள்ளட்டும்.

ஆகவே மனுவில் ஓட்டியவன், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் சேர்க்கவேண்டும். விபத்து வெளியூரில் நடந்தாலும், நாம் குடியிருக்கும் நாகர்கோவிலிலேயே மனு கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, அதைத் தாண்டவிடக்கூடாது. மோதிய வண்டி தப்பி ஓடி அடையாளமே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமானக் கணக்குக் கேட்பதில்லை.

எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக்கடை பில் என எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தக் கோப்புதான் கோர்ட்டில் பேசும்.