தூக்கி நிறுத்திய பின்சக்கரம்: மாடல் டி வண்டியில் பழுதுபார்ப்பும் மறுபயன்பாடும்

அமெரிக்க நாட்டுப்புறங்களில் மோட்டார் வண்டி வேரூன்றிய வரலாற்றை எழுதுபவர்கள், 1996-இல் ரொனால்ட் கிளைனும் டிரெவர் பின்ச்சும் ‘டெக்னாலஜி அண்ட் கல்ச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையைக் கடந்துதான் போகவேண்டும். ஒரு தொழில்நுட்பத்துக்கு என்ன பொருள் என்பதைச் செய்தவர் மட்டும் முடிவுசெய்வதில்லை, வாங்கியவரும் சேர்ந்தே முடிவுசெய்கிறார் என்பது அக்கட்டுரையின் மையம். அவர்கள் காட்டும் சான்றுகளில் மனத்தில் நிற்பது ஒரு காட்சி. பண்ணை முற்றத்தில் வண்டியின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி, மறுமுனையில் மரம் அறுக்கும் ரம்பத்தையோ சோளம் உதிர்க்கும் எந்திரத்தையோ துணி துவைக்கும் எந்திரத்தையோ ஓட்டுகிறார் ஒரு விவசாயி. சாலையில் ஓடுவதற்கென்று செய்த வண்டிக்கு அவர் வேறொரு பொருள் கற்பிக்கிறார் என்கிறார்கள் கிளைனும் பின்ச்சும். இந்த வாசிப்பில் பாதி சரி. பெல்ட் மாட்டுவதற்கு முன்பே அந்தச் சக்கரம் எதற்கெல்லாம் தரையை விட்டு எழுந்தது என்று கேட்காததால் மறுபாதி கைநழுவிப் போகிறது.

விவசாயிகள் இயந்திரங்களைத் தாமே பழுதுபார்க்கக் கூடியவர்கள் என்பதைக் கிளைனும் பின்ச்சும் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அதை ஒரு பின்னணித் திறனாகவே வைக்கிறார்கள். திறன் ஓரிடத்தில் இருக்கிறது, அதைக் கொண்டு நடக்கும் பொருள்மாற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. இதற்குக் காரணம் அவர்கள் கையாளும் சட்டகம் என்று நினைக்கிறேன். பின்ச்சும் வீபே பைக்கரும் 1984-இல் மிதிவண்டியை முன்வைத்து உருவாக்கிய அந்தச் சட்டகத்தில், ஒரே பொருள் வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறாகத் தெரிவதுதான் சான்று. வண்டியை வண்டியாகவே ஓடவைக்கும் உழைப்பு அதில் சான்றாகவே பதிவாகாது, ஏனெனில் அங்கே பயன் மாறவில்லை. பின்னால் வந்த கேத்லீன் ஃபிரான்ஸின் நூல் (2005) சுற்றுலா போன வண்டிக்காரர்கள் தம் வண்டியில் செய்த மாற்றங்களை எழுதியது. கெவின் போர்க்கின் நூல் (2007) மெக்கானிக் என்ற தொழிலாளி உருவான கதையை எழுதியது. இரண்டுமே நல்ல நூல்கள். ஆனாலும் தூக்கிய பின்சக்கரம் மட்டும் 1996-இல் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

என் வாதம் ஒரே ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மாடல் டி வாங்கியவர்களுக்கு ஃபோர்டு நிறுவனம் கொடுத்த கையேடு 1910-களிலும் 1920-களிலும் திரும்பத் திரும்ப அச்சானது; கேள்வி–பதில் வடிவில் அமைந்தது. எஞ்சினைக் கீழே இறக்காமலே கனெக்டிங் ராடு பேரிங்குகளைச் சரிசெய்ய முடியுமா என்பது அதில் ஒரு கேள்வி. முடியும் என்று தொடங்கும் பதில் படிப்படியாகப் போகிறது. எண்ணெயை வடித்துவிட வேண்டும். கிராங்க் கேஸின் அடித்தகட்டைக் கழற்றினால் ராடுகள் கண்ணில் படும். முதல் ராடின் மூடியைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ராவ வேண்டும். பொட்டுக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து மூடியைத் திரும்ப மாட்டி முறுக்கி, கிராங்க் கம்பியால் எஞ்சினைச் சுற்றி இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் மூடியின் பக்கங்களில் சுத்தியலால் இலேசாகத் தட்டியே பதம் அறிவார்கள் என்றும் சொல்கிறது. பிறகுதான் நமக்கு வேண்டிய இடம் வருகிறது. பேரிங் அதிகம் இறுகிவிட்டால் உள்ளே பூசிய பாபிட் உலோகம் சீக்கிரம் அரித்துப் போகும். ஆகவே பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, தண்ணீரும் எண்ணெயும் குறையாமல் பார்த்துக்கொண்டு, சுமார் 2 மணி நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன் பிறகே சாலைக்குக் கொண்டுபோவது நல்லது என்கிறது கையேடு.

இதைக் கிளைன்–பின்ச் காட்சியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, பின்சக்கரங்கள் தரையைத் தொடவில்லை, எஞ்சின் 2 மணி நேரம் ஓடுகிறது, சக்கரங்கள் காற்றில் சுழலக் காத்திருக்கின்றன. பெல்ட் ஒன்றுதான் இல்லை. வண்டியை நின்ற இடத்து எஞ்சினாகப் பார்ப்பது செய்தவரின் எண்ணத்துக்கு வெளியே, பண்ணையில் பிறந்த பொருள் என்றால், செய்தவரே அச்சிட்டுக் கொடுத்த பக்கத்தில் அந்தக் கோலம் எப்படி வந்தது? பழுதுபார்ப்பின் ஓர் அங்கமாக வந்தது என்பதே என் விடை. பேரிங் சரிசெய்த வண்டிக்காரர் இரண்டு மணி நேரம் வீணே சுழலும் விசையின் அருகில் நிற்கிறார். அதை ஏதாவது ஒரு வேலையில் பூட்டலாமே என்ற எண்ணம் அவருக்கு வர, வண்டியின் பொருளையே மாற்றி யோசிக்கவேண்டியதில்லை.

இதைவிட அன்றாடமான இரண்டு சந்தர்ப்பங்களும் உண்டு. ஒன்று, குளிர்காலத்தில் வண்டியைக் கிளப்புவது. மாடல் டியின் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கி ஓடுபவை. குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கம்பியால் சுற்றும்போது எஞ்சினோடு வண்டியும் நகரப் பார்க்கும். எஞ்சின் பிடித்துக்கொண்ட மறுகணம் முன்னால் நிற்பவர் மீதே வண்டி ஊர்ந்து வந்ததும் உண்டு. அதற்குக் கைகண்ட வழி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவது. கைநெம்பை முன்னே தள்ளி நேர்கியரில் வைத்தால், தூக்கிய சக்கரமே ஒரு ஃபிளைவீல் போல உதவி எஞ்சினைச் சுழற்றிக் கொடுக்கும். மற்றொன்று பஞ்சர். கழற்றி மாட்டும் ரிம் 1919-இல்தான் மாடல் டிக்கு விருப்பத்தேர்வாகக் கிடைத்தது. அதற்கு முன் பஞ்சரானால், மரக்கால் சக்கரம் அச்சிலேயே இருக்க, அதைத் தூக்கி வைத்து, டயரை நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப்போட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். வண்டி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தரையை விட்டெழுந்து தன் அச்சில் சுழலும் சக்கரம் பழகிப்போன காட்சி.

இங்கே வலுவான தடை ஒன்று எழும். கிளைனும் பின்ச்சும் காட்டும் சான்றுகளில் மிகப் பழையது 1903-ஐச் சேர்ந்தது: கான்சாஸ் விவசாயி ஒருவர், பின் அச்சுக்கு முட்டுக்கொடுத்து ஒரு சக்கரத்தில் பெல்ட் மாட்டிப் பண்ணைக் கருவிகளை ஓட்டும்படி ‘ரூரல் நியூ யார்க்கர்’ வாசகர்களுக்கு யோசனை சொல்கிறார். மாடல் டி சந்தைக்கு வந்ததே 1908 அக்டோபரில். அப்படியிருக்க, ஃபோர்டு கையேட்டிலிருந்து அந்தப் பழக்கம் பிறந்தது என்று எவரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. கையேடு மூலம் அன்று. அது ஒரு சாட்சி. தூக்கிய சக்கரம் பராமரிப்பில் எவ்வளவு இயல்பான நிலை என்பதற்கு அது சாட்சி சொல்கிறது. 1903-இன் வண்டிகளுக்கோ இந்த இயல்பு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். அன்றைய சக்கரங்களிலும் டயரை அச்சிலேயே வைத்துத்தான் மாற்றினார்கள், டயர்களும் இன்னும் மட்டமானவை. அந்த விவசாயி முட்டுக்கொடுக்கச் சொன்னபோது வாசகருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, ஏனெனில் முட்டுக்கொடுப்பது அவர்களுக்குத் தெரிந்த வேலை. அவர் புதிதாகச் சொன்னது பெல்ட்டை மட்டுமே. அந்தப் பெல்ட்டும்கூட நீராவி எஞ்சினையும் பெட்ரோல் எஞ்சினையும் கதிரடிக்கும் எந்திரத்தோடு பூட்டிப் பழகிய கைகளுக்குப் புதிதன்று.

இரண்டு செயல்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று ஆகாது என்றும் ஒருவர் சொல்லலாம். இது நியாயமான மறுப்பு. இதற்கு விடைதேட, கையேட்டின் பன்மையைக் கவனிக்கவேண்டும். கையேடு பின்சக்கரங்கள் என்று இரண்டையும் சொல்கிறது. பண்ணை முற்றத்தில் தூக்கியதோ பெரும்பாலும் ஒன்றை. வேறுபாடு சிறியதாகத் தெரிந்தாலும் இயந்திரத்துக்கு அது சிறியதன்று. ஒரு சக்கரம் தரையில் நிலைத்திருக்க மற்றது மட்டும் சுழன்றால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை இருமடங்கு வேகத்தில் சுழற்றும்; நேர்சாலையில் அநேகமாகச் சும்மா இருக்கும் அதன் சிறு பற்சக்கரங்கள் ஓயாமல் அரைபடும். பேரிங்கைப் பழக்குவதற்கு எழுதிய கையேடு இரண்டையும் தூக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே பெல்ட் பழக்கத்தைக் கையேட்டுப் பக்கத்தோடு நேரே முடிச்சுப்போடுவது தவறாகும். ஒற்றைச் சக்கரத்தைத் தூக்குவது குளிர்காலக் கிளப்பலின் கோலம், பஞ்சரின் கோலம். மறுபயன்பாடு எந்தப் பழுதுவேலையிலிருந்து கிளைத்தது என்று சுட்டவேண்டுமானால் நான் இவ்விரண்டையே சுட்டுவேன். குறிப்பாகக் கிளப்பலை, ஏனெனில் அங்கேதான் தூக்கிய சக்கரம் எஞ்சினோடு இணைந்தே சுழல்கிறது. சான்று மெலிந்த இடம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பொருள்மாற்றம் என்ற பெரிய சொல்லைவிட இந்தச் சிறிய தொடர்ச்சி உண்மைக்கு அருகில் நிற்கிறது.

இப்படிப் பார்த்தால் முடிவுக்காலமும் வேறாகத் தெரியும். டிராக்டரும் மின்சாரமும் பரவியபின் வண்டியின் பொருள் போக்குவரத்து என்று உறைந்துவிட்டது என்பது கிளைன்–பின்ச் கணக்கு. 1935-இல் நாட்டுப்புற மின்மய நிர்வாகம் தொடங்கியபோது பத்துப் பண்ணைகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது என்பதால் இந்தக் கணக்கு முழுக்கத் தவறன்று. ஆனால் பராமரிப்பின் பக்கமிருந்து பார்த்தால் முறிவு அதற்கு வெகுமுன்பே தொடங்குகிறது. மின்ஸ்டார்ட்டரும் கழற்றி மாட்டும் ரிம்மும் மாடல் டிக்கு வந்தது ஒரே ஆண்டில், 1919-இல். கம்பியால் கிளப்புவதற்குச் சக்கரத்தைத் தூக்கும் தேவை ஒன்றோடு போயிற்று. தூக்கிய சக்கரத்தின் முன் மணிக்கணக்காகக் குந்தியிருக்கும் தேவை மற்றொன்றோடு போயிற்று. பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடியதால் பழக்கம் உடனே மறையவில்லை. 1927-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன.

அதே கையேட்டுப் பதில், கூடுமானபோதெல்லாம் இந்த வேலையைக் கைதேர்ந்த ஃபோர்டு மெக்கானிக்கிடம் விடுவது நல்லது என்றும் சொல்கிறது. முழு வேலையையும் கற்றுக்கொடுத்த பிறகு இது வருவதுதான் கவனிக்கத்தக்கது. பழுதுபார்ப்பைத் தொழிற்சாலை ஒழுங்குக்குள் கொண்டுவர எடுத்த முயற்சிகள் 1913-லிருந்து 1940 வரை எப்படித் தோற்றன என்று ஸ்டீஃபன் மெக்கின்டயர் 2000-இல் விரிவாக எழுதினார். அந்த இழுபறி மெக்கானிக் பட்டறையில் மட்டுமல்லாமல், வாங்கியவர் கையிலிருந்த இந்த ஒரு பதிலுக்குள்ளேயும் நடந்திருக்கிறது.

இந்த வாதத்தை உலோகத்திலேயே சோதிக்க முடியுமா என்றும் பார்க்கலாம். மாடல் டியின் பின் அச்சைப் பிரிப்பவர்கள், டிஃபரன்ஷியலின் இருபுறமும் உந்துவிசையைத் தாங்கும் பாபிட் வளையங்கள் பொடிந்து கிடப்பதை அடிக்கடி காண்கிறார்கள். மாற்றாக வெண்கல வளையம் போடுகிறார்கள். கால்பிரேக் கியர்பெட்டிக்குள்ளே இயங்குவதால், அந்த வளையம் பொடிந்து கிரவுன் பற்கள் விலகினால் கால்பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். அதனால் இதை எவரும் அலட்சியம் செய்வதில்லை. ஆனால் பொடிந்த வளையம் ரம்பம் ஓட்டிய வண்டியிலும் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் போன வண்டியிலும் கிடக்கும். சாட்சி சொல்ல வேண்டுமென்றால் அது நடுவிலுள்ள சிறு பற்சக்கரங்களின் தேய்மானம்தான். ஒற்றைச் சக்கரத்தில் வேலை செய்த வண்டியில் அவை மற்றப் பாகங்களை முந்திக்கொண்டு தேய்ந்திருக்க வேண்டும்.