யார், யாருக்கு, என்ன செய்தார்?

ஓர் ஊரில் வன்கொடுமை நடக்கிறது. உண்மை அறியும் குழு போகிறது. எரிந்த வீடுகளைப் பார்க்கிறது, அடிபட்டவர்களிடம் பேசுகிறது, காவல் நிலையத்தில் கேள்வி கேட்கிறது. அறிக்கை வெளியாகிறது. பிறகு அந்த அறிக்கை யாரோ ஒரு தோழரின் அலமாரியில் போய் அடைகிறது. பத்து ஆண்டு கழித்து, "இந்த மாவட்டத்தில் இதுவரை எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்? இதே காவல் ஆய்வாளர் இதற்கு முன்பு எந்தெந்த ஊரில் வழக்குப் பதிய மறுத்தார்?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருப்பதில்லை. அரசிடம் ஒரு பதில் இருக்கும். அதைத்தான் நாமும் எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.

இந்த இடைவெளியை உலகின் வேறு பகுதிகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தரவுத்தள மென்பொருளின் வரலாறு. கம்பெனிகளுக்குச் சரக்குக் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்க்க உருவான கருவியை, கொலைக் கணக்குப் பார்க்கத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டவர்களின் வரலாறு. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் சொல்ல முடியாத சாட்சி

பதிவு செய்வது நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கர் 'வெய்ட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் தன் அனுபவங்களோடு பிறருக்கு நடந்ததையும் சேர்த்து எழுதினார். கத்தியவாரில் தீண்டத்தகாதோர் பள்ளியில் பணியாற்றிய ஓர் ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்றபின் காய்ச்சலில் விழுகிறார். மருத்துவர் தொட மறுக்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதத்தை எடுத்துக்காட்டும் அம்பேத்கர், அதில் ஆசிரியர் பெயரும் இல்லை, மருத்துவர் பெயரும் இல்லை என்பதையும், பழிவாங்கப்படுவோம் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

நடந்ததைப் பதிய வேண்டும். பதிந்தவரும் பிழைத்திருக்க வேண்டும். வன்கொடுமையைப் பதிவு செய்யும் வேலையின் மையச் சிக்கல் இதுதான். பல பத்தாண்டு கழித்து வந்த மென்பொருள்கள் தீர்க்க முயன்றதும் இதைத்தான்.

எல் சால்வடோர்: அதிகாரியின் பெயர் வரை

எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். அரசு சாரா மனித உரிமை ஆணையம் ஒன்று மக்களிடம் வாக்குமூலங்களைத் திரட்டி வந்தது. அதன் தலைவர் மரியனெல்லா கார்சியா வில்லாஸ் 1983இல் கொல்லப்பட்டார். அதே ஆணையத்தின் ஹெர்பர்ட் அனாயா 1986இல் சிறையில் அடைக்கப்பட்டபோது, தோழர்களுடன் சேர்ந்து சிறைக்குள்ளேயே 400க்கும் மேற்பட்ட கைதிகளிடம் சித்திரவதை பற்றிய வாக்குமூலங்களை எழுதி வாங்கினார். அந்தத் தாள்கள் வெளியே கடத்தப்பட்டன. அனாயா 1987 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாள்கள் மிஞ்சின.

1990களின் தொடக்கத்தில் பேட்ரிக் பால் என்ற இளம் அமெரிக்கர் அந்த ஆணையத்துடன் சேர்ந்து ஒரு தரவுத்தளத்தை வடிவமைத்தார். 9,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் அதில் ஏற்றப்பட்டன. இன்னொரு பக்கம், எந்த ராணுவ அதிகாரி எந்த ஆண்டு எந்தப் படைப்பிரிவில் பொறுப்பில் இருந்தார் என்ற பணி வரலாறு தனியாக ஏற்றப்பட்டது. இரண்டையும் இடம், நாள், படைப்பிரிவு ஆகியவற்றால் இணைத்தார்கள். "ராணுவம் கொன்றது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த நிலை மாறியது. இந்த அதிகாரி பொறுப்பில் இருந்தபோது இத்தனை கொலைகள், இடம் மாறிப் போன ஊரில் இத்தனை கொலைகள் என்று சொல்ல முடிந்தது.

1992 சமாதான உடன்படிக்கையின்படி அமைந்த தனிக் குழு ஒன்று, மனித உரிமை அமைப்புகள் கொடுத்த தகவல்களையும் பார்த்து, பாதுகாப்பு அமைச்சர் உட்பட 100க்கும் மேற்பட்ட அதிகாரிகளை நீக்கவோ இடம் மாற்றவோ பரிந்துரைத்தது. 1993 மார்ச்சில் ஐ.நா. உண்மை ஆணையத்தின் அறிக்கை வந்தது. ஐந்தே நாளில் அரசு பொது மன்னிப்புச் சட்டம் போட்டது. கணக்கு நீதி வாங்கித் தந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ஆனால் கணக்கு இல்லாதிருந்தால் அந்த அதிகாரிகள் பதவியிலேயே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

ஒரு வரியில் அடங்காத கொடுமை

இதற்குத் தனி மென்பொருள் எதற்கு, எக்செல் போதாதா என்று தோழர்கள் கேட்பதுண்டு. கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஒரு வழக்குக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டால் வெண்மணி ஒரே வரி. ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று போட்டால், வந்த கும்பலில் யார் யார் என்பதை 44 முறை எழுத வேண்டும். குண்டடி பட்டுப் பிழைத்தவர் எந்த வரி? ஒருவருக்கே இரண்டு கொடுமை நடந்திருந்தால் எங்கே எழுதுவது?

1982இல் தொடங்கிய ஹியூரிடாக்ஸ் என்ற வலையமைப்பு இதற்கென்றே பொதுப் படிவங்களை உருவாக்கியது. நிகழ்வு தனி, பாதிக்கப்பட்டவர் தனி, செய்தவர் தனி, செயல் தனி. ஒவ்வொன்றும் ஓர் அட்டவணை, இடையே இணைப்புகள். இணைப்புள்ள அட்டவணைகள் என்ற கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இலேயே முன்வைத்திருந்தார். அதை மனித உரிமைக்குக் கொண்டுவந்த முறைக்கு, பேட்ரிக் பால் 1996இல் வெளியிட்ட கையேட்டின் தலைப்பே சுருக்கம்: யார், யாருக்கு, என்ன செய்தார்?

குவாத்தமாலா: மூன்று பட்டியல்கள்

குவாத்தமாலாவில் 36 ஆண்டுகள் நீடித்த போரில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாயா பூர்வகுடிகள். நிலமற்றவர்கள், தோட்டக் கூலிகள், நகரத்தாரால் இழிவாகப் பார்க்கப்பட்டவர்கள். அங்கே மூன்று தரவுத்தளங்கள் தனித்தனியாக உருவாயின: மக்கள் அமைப்புகளுடன் சேர்ந்து இயங்கிய மனித உரிமை ஆய்வு மையம் ஒன்றினுடையது, கத்தோலிக்கத் திருச்சபையினுடையது, ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை ஆணையத்தினுடையது. திருச்சபை அறிக்கையை 1998 ஏப்ரல் 24 அன்று வெளியிட்ட ஆயர் ஹுவான் ஹெரார்தி இரண்டே நாளில் அடித்துக் கொல்லப்பட்டார்.

மூன்று பட்டியல்களும் சேர்ந்ததும் ஒரு பெரிய வேலை சாத்தியமானது. ஒரு பட்டியலில் 100 பெயர், இன்னொன்றில் 100 பெயர், இரண்டிலும் பொதுவாக 50 பெயர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் 200 பேர் அளவில் இருக்கலாம். பொதுவான பெயர் 10தான் என்றால் மொத்தம் 1,000 பேர் அளவுக்குப் போகும். பட்டியல்கள் எவ்வளவு குறைவாக ஒத்துப்போகின்றனவோ, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் அவ்வளவு அதிகம். இந்த வழியில் மதிப்பிட்டு, 1999 பிப்ரவரியில் உண்மை ஆணையம் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று அறிவித்தது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காட்டினர் மாயாக்கள். 93 விழுக்காடு மீறல்களுக்கு அரசுத் தரப்பே பொறுப்பு.

ஆய்வு மையத்தின் அறிக்கையும் அதே ஆண்டு வெளியானது. தரவுத்தளமே, பெயர்கள் நீக்கப்பட்டு, யாரும் இறக்கிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்பட்டது. "எங்கள் கணக்கில் சந்தேகமா? நீயே கூட்டிப் பார்" என்று எதிரிக்கும் சொல்லும் துணிவு அது. அந்த அறிக்கை காட்டிய ஓர் உண்மையை நம் தோழர்கள் மனதில் இருத்த வேண்டும். 1982இல் கிராமங்களில் கொலைகள் உச்சத்தில் இருந்தபோது, தலைநகரப் பத்திரிகைகளில் அவை ஏறக்குறைய வரவே இல்லை. பத்திரிகை வெட்டுகளை மட்டும் வைத்துக் கணக்கெழுதியிருந்தால், படுகொலை நடந்த ஆண்டே அமைதியான ஆண்டாகத் தெரிந்திருக்கும்.

2013இல் முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட் மீதான இனப்படுகொலை வழக்கில் பேட்ரிக் பால் சாட்சி சொன்னார். இஷில் மாயாக்கள் வாழும் மூன்று வட்டாரங்களில் 1982 ஏப்ரல் முதல் 1983 ஜூலை வரை பூர்வகுடிகளில் 5.5 விழுக்காட்டினரை ராணுவம் கொன்றது. அதே ஊர்களில் பூர்வகுடி அல்லாதவர்களில் 0.7 விழுக்காடு. எட்டு மடங்கு. பக்கத்து வீட்டுக்காரன் பிழைத்தான், இவன் செத்தான் என்றால் அது போரின் தற்செயல் அல்ல. ரியோஸ் மோன்டுக்கு 80 ஆண்டு தண்டனை கிடைத்தது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் இஷில் பெண்களின் சாட்சியங்களோடு அந்த எண்ணும் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

எல்லோர் கைக்கும் வந்த கருவி

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிபுணர் வந்து நிரல் எழுத முடியாது. கலிபோர்னியாவின் பெனிடெக் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் 2003இல் மார்ட்டஸ் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்குச் சாட்சி என்று பொருள். எழுதியதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டு, வேறு நாட்டுச் சர்வரில் நகலாகச் சேர்ந்தது. அலுவலகத்தைச் சோதனையிட்டுக் கணினியைத் தூக்கிப் போனாலும் படிக்க முடியவில்லை; தகவல் அழியவும் இல்லை. கடவுச்சொல்லும் சாவியும் தொலைந்தால் பெனிடெக்கே திறக்க முடியாதபடி இருந்தது. வெளியிடலாம் என்று குறித்த பகுதி மட்டும் இணையத்தில் தேடக் கிடைத்தது. கத்தியவார் ஆசிரியரின் அச்சத்துக்கு நிரலில் எழுதப்பட்ட பதில் என்று இதைச் சொல்லலாம்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பஞ்சாபில் ஜஸ்வந்த் சிங் கால்ரா சுடுகாட்டுப் பதிவேடுகளையும் விறகுக் கணக்கையும் வைத்தே காவல்துறை ரகசியமாக எரித்த உடல்களை வெளிக்கொண்டுவந்தார். 1995இல் கடத்திக் கொல்லப்பட்டார். பிறகு மத்தியப் புலனாய்வுத் துறையே அமிர்தசரஸ் மாவட்டத்தில் 2,097 சட்டவிரோத எரிப்புகளைக் கணக்கிட்டது. முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதம் போரின் கடைசி நாட்களில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று 2018இல் மதிப்பிட்டதும் இதே பட்டியல் ஒப்பீட்டு முறையில்தான். குஜராத்தில் நவ்சர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் தீண்டாமையைக் கணக்கெடுத்து 2010இல் வெளியிட்டது. தீண்டாமை ஒழிந்துவிட்டது என்பவர்களிடம் வாதம் செய்யாமல் கிராமத்தை எண்ணிக் காட்டியது.

நம் கணக்கு எங்கே?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 2021இல் 50,900 என்றும் 2022இல் 57,582 என்றும் சொல்கிறது. இவை பதிவான வழக்குகள். காவல் நிலைய வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் இதில் இல்லை. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றே எண்ணப்படும். வீட்டை எரித்து, பெண்ணை மானபங்கப்படுத்தி, ஒருவரைக் கொன்றால் அது ஒரு கொலை. மற்றவை கணக்கில் மறைந்துபோகும். எந்தச் சாதியினர் செய்தார்கள் என்ற பத்தியும் அந்த அட்டவணைகளில் இல்லை. அட்டவணையின் தலைப்புகளை யார் முடிவு செய்கிறார்களோ அவர்களே எது கொடுமை என்பதையும் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே நமக்கென்று ஒரு கணக்கு வேண்டும். அதற்கு மூன்று பாடங்களை இந்த வரலாறு தருகிறது. முதலாவது, பாதிக்கப்பட்டவரின் சம்மதமும் பாதுகாப்பும் கணக்கைவிட முக்கியம். பெயர்ப் பட்டியல் எதிரி கையில் போனால் அதுவே கொலைப் பட்டியல். இரண்டாவது, நம்மிடம் வந்த வழக்குகள் நடந்த எல்லாமும் அல்ல. இந்த ஆண்டு நம் பட்டியல் கூடியிருந்தால், கொடுமை கூடியது என்றும் பொருள் இருக்கலாம், நாம் அதிக ஊருக்குப் போனோம் என்றும் பொருள் இருக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு அமைப்பும் தனித்தனியாகப் பட்டியல் வைத்திருப்பது பலவீனம் அல்ல. ஒரே வடிவில் வைத்திருந்தால் ஒப்பிடலாம். யாரும் எழுதாத சாவுகளின் அளவும் அப்போதுதான் தெரியும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அறிக்கைக் கட்டுகளோடு போகாமல், ஊர், நாள், அதிகாரி, மறுக்கப்பட்ட நிவாரணம் என்று வரிசைப்படுத்திய நம் அட்டவணையோடு போவோம். அதைக் கட்ட நிரல் தெரிந்த பத்து மாணவர்களும், கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த நூறு தோழர்களும் போதும். அலமாரியில் கிடக்கும் பழைய அறிக்கைகளை எடுத்துத் தூசி தட்டுவதிலிருந்து தொடங்குவோம்.